பாதி சவரம் செய்த ஆகஸ்ட்

ஜூலை 14, 1996, ஞாயிறு

கோதுமை அறுவடை முடிந்துவிட்டது. இனி சோளம் முற்றும்வரை யாரும் என் கடைக்குப் பழைய பண்ணை இயந்திரம் வாங்க வரமாட்டார்கள், விற்கத்தான் வருவார்கள். இது நான் வாங்குகிற காலம். இன்று தேவாலயத்து வாசலிலேயே ஒருவர் தன் பழைய வைக்கோல் கட்டும் இயந்திரத்தை என் தலையில் கட்டப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை விலை பேசுவதில்லை, நாளை வாருங்கள் என்றேன். நாளைக்குள் அவரே கொஞ்சம் இறங்கி வருவார்.

பேஸ்பால் லீக் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். இந்த வருடம் 'ஆண்டின் சிறந்த மேனேஜர்' விருதுக்கு எங்கள் ஒட்டர் பெண்ட் ஊரின் ஓட்டு என்னுடையதாம். ஆறு ஊர், ஆறு டீம், ஊருக்கு ஒரு ஓட்டு. வரிசையாக மூன்று பெயர் எழுதி, லீக் ஆட்டங்கள் முடிந்த வாரத்துக்குள் தபாலில் போட வேண்டும். எங்கள் ஊர் மேனேஜர் என் வீட்டு மாடியில்தான் தங்கியிருக்கிறார், சரிப்படுமா என்று கேட்டேன். "சின்ன லீக்குங்க. யாராவது யார் வீட்டுலயாவது தங்கத்தான் செய்வாங்க" என்றாள் அந்தப் பெண். நேர்மையான பதில்.

எப்படியும் வெர்ன் டாக்கெட்டுக்கு இந்த வருடம் யாரும் ஓட்டுப் போடப்போவதில்லை. எங்கள் 'நாரைகள்' டீம் கடைசி இடத்தில் கிடக்கிறது.

இன்றைய ஆட்டத்தில் மட்டையில் பட்டுப் பக்கவாட்டில் தெறித்த பந்து ஒன்று ஆட்டக்காரர் கொட்டகைக்குள் பாய்ந்து வெர்னின் வலது காதுக்கு மேலே அடித்தது. சத்தம் என் இருக்கைவரை கேட்டது. ஒரு நிமிடம் உட்கார்ந்தார், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார், ஆட்டத்தை நடத்தினார். ஜெயித்தோம். வீட்டில் உறைந்த பட்டாணிப் பையைக் கொடுத்தேன், தலையில் வைத்துக்கொள்ள.

"பந்து மேல தப்பில்லை. அறுபத்துநாலு வயசுல நான்தான் மெதுவா திரும்பினேன்" என்றார்.

ஜூலை 15

வெர்ன் நன்றாகத்தான் இருக்கிறார். தலைவலிக்கு ஆஸ்பிரின் கேட்டார். பாட்டிலையே கொடுத்துவிட்டேன்.

வைக்கோல் இயந்திரக்காரர் இறங்கி வந்தார்.

ஜூலை 28, ஞாயிறு

ஊரே பேசுகிறது. அந்தப் பந்து பட்ட நாளிலிருந்து நாரைகள் தோற்பதே அபூர்வமாகிவிட்டது. ஐந்தாம் இடம், நான்காம் இடம், இப்போது மூன்றாம் இடம். ஆட்டக்காரர்கள் கொட்டகைக்குள் போகும்போது வெர்னின் தலையில் பந்து பட்ட இடத்தை ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். வெர்ன் தொட விடுகிறார். நான்கு கோடைகாலமாக என் மாடியில் இருக்கிற மனிதர் இவர். ஒருவன் தோளில் கை போட்டாலே முறைப்பார்.

ஆஸ்பிரின் பாட்டில் காலி. இன்னொன்று வாங்கினேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஓட்டுப் போடுகிறவர்களில் நாங்கள் மூன்று பேர் நெடுஞ்சாலைக் கடையில் சந்தித்தோம். கார்வர் ஊருக்காக ரஸ் டிலான்சி, ரேடியோவில் இந்த லீக் ஆட்டங்களை வர்ணிக்கிறவன், வாய் மூடாதவன். மில்பர்னுக்காக ஆர்டிஸ் வெங்கர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பீச் பழப் பலகாரம், காப்பி, சண்டை.

ரஸ் இப்போதே வெர்ன்தான் என்கிறான். கடைசியிலிருந்து மேலே வருகிற டீமின் மேனேஜருக்குத் தராமல் வேறு யாருக்குத் தருவது?

ஆர்டிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "மே மாசம் நாம எல்லாரும் கூடி ஒரு டீமை உருப்படாதுன்னு சொல்றோம். அது உருப்பட்டுட்டா மேனேஜருக்கு விருது. அப்போ விருது அவருக்கா, நம்ம தப்புக் கணக்குக்கா?"

அதோடு விடவில்லை. நாரைகள் ஜெயித்ததெல்லாம் ஒற்றை ரன் வித்தியாசத்தில். அது காசு சுண்டுவது போல, கொஞ்ச நாள் தலையாகவே விழும், பிறகு பூவாக விழும், அதில் மேனேஜருக்கு என்ன பங்கு என்றார்.

நான் என் பக்கத்தைச் சொன்னேன். மற்ற ஊர்க்காரர்கள் வேண்டாமென்று துரத்திய ஆட்களைப் பொறுக்கி எடுத்து ஓட வைத்திருக்கிறார் வெர்ன். பிறர் கழித்துப் போட்டதை வாங்கி ஓட வைப்பதுதான் முப்பது வருடமாக என் பிழைப்பு. அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும்.

"வாடகைக்கு இருக்கறவருக்கு ஓட்டு. வீட்டுக்காரிக்கு லாபம்" என்றான் ரஸ். போடா என்றேன்.

ஆர்டிஸின் ஓட்டு லீலண்ட் போக்குக்கு, சிடார் கிரீக் மேனேஜர். போன மாதம் அவருடைய சிறந்த மட்டையாளன் கணுக்கால் வீங்கியிருந்ததை மறைத்து ஆடிக்கொண்டிருந்தான். லீலண்ட் கண்டுபிடித்து உட்கார வைத்தார். தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றார்கள். "மூணு ஆட்டத்தை தூக்கிக் குடுத்தவனுக்கு விருதா?" என்று ரஸ் சிரித்தான்.

"மேனேஜர் வேலை ஒண்ணே ஒண்ணுதான் ரஸ். களைச்சுப்போனவனை, அவனே ஒத்துக்கறதுக்கு முன்னாடி வெளியே எடுக்கணும். மத்ததெல்லாம் தொப்பியும் துப்பறதும்தான்."

பலகாரத்துக்கு நான் காசு கொடுத்தேன். என் ஓட்டு வெர்னுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

காலையில் வெர்ன் பாதி சவரத்தோடு இறங்கி வந்தார். வலது கன்னம் வழவழவென்று. இடது கன்னத்தில் மூன்று நாள் முடி. மூக்குக்கு நேராகக் கோடு போட்டது போல.

பிளேடு தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறாய் என்பது போலப் பார்த்தார்.

சகுனமாக இருக்கும். தொடர்ந்து ஜெயிக்கும்போது இவர்கள் காலுறைகூடத் துவைக்கமாட்டார்கள். எனக்கென்ன.

ஆகஸ்ட் 9

டீம் முழுக்கப் பாதி சவரம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

முட்டை, உருளைக்கிழங்கு, பன்றி வறுவல் வைத்தேன். வெர்ன் தட்டின் வலது பாதியைத் துடைத்து வைத்தது போலச் சாப்பிட்டார். இடது பாதி அப்படியே இருந்தது. முட்டை நடுவில் இருந்தது, அதையும் பாதிதான்.

"கொஞ்சமா வச்சிருக்கே இன்னைக்கு" என்றார்.

தட்டு நிறைய இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். தட்டை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்தேன்.

"இன்னொரு தட்டா? நல்லவ நீ" என்று மீதியையும் சாப்பிட்டார்.

இதுவும் சகுனமா? யாரும் பார்க்காத இடத்தில், என் சமையலறையில், எனக்காகவா சகுனம்?

நேற்று இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வங்கியில் காசாளர் பாதி சவரம். எரிபொருள் நிலையத்தில் பாதி சவரம். என்னிடம் பழைய விதைப்பு இயந்திரம் பார்க்க வந்த அப்பாவும் மகனும் பாதி சவரம், விலை பேசும்போது அந்த முடியுள்ள கன்னத்தையே என் பக்கம் திருப்பிக்கொண்டு. பெண்கள் ஒரு காதில் மட்டும் தோடு. ஞாயிறு பாதிரியாரும் அப்படித்தான் நின்றார். பிரசங்க மேடையில் அவர் இப்படித் திரும்பினால் ஒருவர், அப்படித் திரும்பினால் வேறொருவர்.

முதலில் சிரித்தேன். இன்று மைதானத்தில் விளக்குப் போட்டதும் சுற்றிப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. எல்லா முகமும் நடுவில் அறுத்து ஒட்டியது போல. யாரும் கத்துவதில்லை இப்போது. கத்தினால் ஏதாவது கலைந்துவிடும் என்று பயம். வேலிக்கு அப்பால் சோளக்கொல்லை அசைகிற சத்தம் கேட்கிறது, அவ்வளவு அமைதி.

நானும் இடது தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஓட்டுப் போடுகிறவள் ஒரு தடவையாவது மேனேஜர் செய்வதைப் பார்க்க வேண்டுமே என்று, இன்று எதிர்ப்பக்கம், ஓடுகிறவன் முதலில் தொடும் 'முதல் தளத்து'ப் பக்கமாக உட்கார்ந்தேன். ஒரு இயந்திரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் விற்பவன் நிற்கும் பக்கம் நிற்கக்கூடாது. அங்கிருந்து எங்கள் கொட்டகைக்குள் நேராகத் தெரியும். இன்று ரேடியோ ஒலிபரப்பு இல்லை, ரஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வெர்ன் பெஞ்சின் நடுவில். ஆட்டக்காரர்கள் எல்லோரும் அவருக்கு வலது பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு. இடது பக்கம் பெஞ்சு முழுக்கக் காலி. அந்தப் பக்கம் உட்கார்ந்தால் தலைவருக்குப் பிடிக்காது, பேசினாலும் பதில் சொல்லமாட்டார் என்கிறான் ரஸ்.

மற்ற மேனேஜர்கள் எழுந்து நடப்பார்கள், துப்புவார்கள், தொப்பியைத் தொடுவார்கள், காதைத் தொடுவார்கள். அந்தச் சைகையை மூன்றாம் தளத்தருகே நிற்கும் பயிற்சியாளர் எஃப்ரைன் ஒகாசியோ பார்த்து ஓடுகிறவனுக்கு மாற்றிச் சொல்வார். வெர்ன் இருபது வருடமாக வலது கையால்தான் சைகை செய்வார். இன்று வலது கை மடியில் கிடந்தது. தலை வலது பக்கமே திரும்பியிருந்தது, மட்டையாளன் நிற்கும் வீட்டுத் தளத்தையும் தாண்டி எதையோ பார்ப்பது போல.

அசைந்தது இடது கை.

முழங்கால்மேல் அசையாமல் கிடந்த கை திடீரென்று விரல்விரலாக எழுந்தது. கட்டைவிரல் துடித்தது. மணிக்கட்டு இரண்டு தடவை வெட்டியது. வெர்ன் அதைப் பார்க்கவே இல்லை. எஃப்ரைன் பார்த்தார். தொப்பி, காது, இடுப்பு வார் என்று அவர் கை ஓடியது. முதல் தளத்தில் நின்றவன் பாய்ந்தான். அடுத்த தளம் அவனுடையது. அதன்பின் ஒரு சின்ன அடி, ஒரு ரன், ஆட்டம் முடிந்தது.

"பாத்தியா? ஒரு வார்த்தை பேசலை. முகத்துல ஒரு சலனம் இல்லை" என்றான் ரஸ். "இதுக்குப் பேருதான் மேனேஜர்."

நான் டிராக்டர்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கியரில் கிடந்து, மேலே ஆள் இல்லாமல், தானாக உழுதுகொண்டே போகிற டிராக்டரை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கோடு நேராகத்தான் போட்டது. வேலி வரும்வரை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எஃப்ரைனைக் கடைக்கு வரச் சொன்னேன். அவர் மட்டும் என்னை அவர் ஊர் வழக்கப்படி 'டோன்யா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார். பழைய அறுவடை இயந்திரத்தின் நிழலில் நின்று பேசினோம். நேராகவே கேட்டேன்: சைகை யார் தருவது?

வெர்னின் வலது கை சைகை காட்டுவதை நிறுத்தி இரண்டு வாரத்துக்கு மேலாகிறதாம். முதல் நாள் எஃப்ரைன் திகைத்துப்போய் நின்றாராம். அப்போது இடது கை துடித்தது. புதுச் சைகை வைத்திருக்கிறார் போலும் என்று, மனதில் பட்டதைக் கொடுத்தாராம். சரியாக வந்தது. மறுநாளும்.

"இப்போ எனக்கு அது நல்லா புரியுது, டோன்யா லோரெட்டா. எந்த விரல் என்ன சொல்லுதுன்னு. தப்பவே இல்லை."

"அவரு சொல்லித் தந்தாரா?"

"யாரும் சொல்லித் தரலை."

அவருக்கு உடம்பு சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றவில்லையா என்றேன். பாதி சவரக் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "தோணுச்சு. ஆனா ஜெயிச்சிட்டிருக்கோம். ஜெயிக்கறப்போ எதையும் தொடக்கூடாது. பன்னெண்டு வயசுலேர்ந்து அதைத்தான் கத்துக்கிட்டேன்."

போகும்போது திரும்பி வந்தார். "எனக்கு அந்தக் கையைப் பார்க்க பயமா இருக்கு. பார்க்காம இருக்கவும் பயமா இருக்கு."

ஆகஸ்ட் 22, வியாழன்

காலை காப்பி. வெர்ன் மேசையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லோரெட்டா, இதை யாரு இங்க விட்டுட்டுப் போனது?"

"எதை?"

வலது கையால் காட்டினார். சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்த தன் இடது கையை.

"அது உங்க கை, வெர்ன்."

"என் கை என்கிட்ட இருக்கு." வலது கையை உயர்த்திக் காட்டினார், குழந்தைக்குக் காட்டுவது போலப் பொறுமையாக. "இது ஆட்டக்காரங்க யாரோடதாவது இருக்கும். சாப்பிடற இடத்துல வைக்கக்கூடாதுன்னு சொல்லு."

பிறகு செய்தித்தாளை எடுத்தார். வலது பக்கப் பத்தியை மட்டும் படித்தார். நேற்றைய வெற்றியைப் பற்றி நன்றாகவே பேசினார், தெளிவாக, எப்போதும் போல நக்கலாக. அந்தக் கை மேசையில் கிடந்தது. ஒரு தடவை சுண்டுவிரல் மட்டும் எழுந்து இறங்கியது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன்? என் வீட்டு மேசை அது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். சீசன் முடியட்டும் என்றார். மறுபடி சொன்னேன். "எனக்கு என்ன குறை? முதல் இடத்துல இருக்கேன்" என்றார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஊர் டாக்டர் ஹவ்லிக்கைப் பார்க்கப் போனேன். தட்டு, கை, தலையில் பட்ட பந்து, ஆஸ்பிரின் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோர்வைப்படுத்திக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்து வந்தார். வலது கன்னம் வழவழப்பு. இடது கன்னம் முடி.

"என்ன லோரெட்டா, நம்ம தலைவர் எப்படி இருக்கார்?" என்று கண்ணடித்தார்.

நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். டீமின் முதலாளிக்குப் போன் செய்தேன். லீக் முடிய இன்னும் கொஞ்ச நாள்தானே, ஞாயிறு ஜெயித்தால் முதல் இடம் உறுதி, அப்புறம் நானே காரில் கூட்டிப்போகிறேன் என்றார்.

அது நியாயமாகக்கூடப் பட்டது எனக்கு. நானும் ஜெயிக்கத்தான் ஆசைப்படுகிறேன்.

ஆகஸ்ட் 24

வெர்ன் மாடிப்படியில் இடது பக்கச் சுவரில் மோதி விழுந்தார். அங்கே சுவர் இல்லை என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

லிங்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பகல் ஆட்டம். நல்ல வெயில். நான் இரண்டு காதிலும் தோடு போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து இருக்கைக்காரி அதைப் பார்த்துவிட்டுத் தன் பையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

ஆறாவது இன்னிங்ஸ். ஒன்பதில் இன்னும் மூன்று பாக்கி. ஒரு ரன் முன்னால் இருந்தோம், எங்கள் மட்டை. வெர்னின் வாயோரம் எச்சில் வழிந்தது எனக்குத் தெரிந்தது. கொட்டகையில் யாரும் துடைக்கவில்லை. தொடக்கூடாதே. ஆர்டிஸ் சொன்னது ஞாபகம் வந்தது: களைத்துப்போனவனை வெளியே எடுக்கத் தெரிய வேண்டும். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இவரை எடுக்க ஒரு மேனேஜர் இல்லை.

எழுந்து போனேன்.

கீழ்வாசலில் நின்றவர் குறுக்கே கை நீட்டினார். "தலைவரைத் தொடாதீங்க லோரெட்டா. ஆறாவது இன்னிங்ஸ்." அவர் கைக்கு அடியில் குனிந்து போனேன். கொட்டகைக்குள் அத்தனை பாதி முகங்களும் திரும்பின. ஒருவன் எழுந்து வழிமறித்தான். என்னைவிட ஒரு முழம் உயரமான பையன். தள்ளி நில்லு என்றேன். நகர்ந்தான்.

வெர்னின் வலது பக்கமாகப் போய் நின்றேன். போகலாம் என்றேன். ஆட்டம் முடியட்டும் என்றார். தோளைப் பிடித்தேன். கல் போல உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அது தோன்றியது. பந்தெறிபவனை மாற்ற மேனேஜர் மைதானத்துக்குள் நடந்துபோவார். எதுவும் பேசமாட்டார். உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டுவார். எறிபவன் எவ்வளவு பெரியவனானாலும், எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வெர்னும் ஒரு காலத்தில் எறிந்தவர்.

கையை நீட்டினேன்.

பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வலது கையால் பந்தைத் தேட ஆரம்பித்தார். பெஞ்சைத் தடவினார், சட்டைப் பையைத் தடவினார். மடியில் கிடந்த இடது கை தட்டுப்பட்டது. மணிக்கட்டைப் பிடித்து அதைத் தூக்கினார். கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கு எனக்கு" என்றார். "ஆனா நீ வந்து கேட்டா சரி."

எழுந்தார்.

அந்தக் கை சுட்டது. என் பிடிக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்துகொண்டே இருந்தன, நான் யாரென்று பார்ப்பது போல. மூன்றாம் தளத்தில் எஃப்ரைன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கை தானாகத் தொப்பிக்குப் போனது, காதுக்குப் போனது. ஓடுகிறவன் ஓடினான். பாதி வழியிலேயே பிடித்துவிட்டார்கள்.

மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. வாசல்வரை அவரை நடத்திக்கொண்டு போனேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் பாதி சவரம்தான், ஆனால் ஓட்டினார்.

ஆகஸ்ட் 26

இங்கே டாக்டருக்கு இரண்டு கன்னமும் மழித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

மண்டை ஓட்டுக்கு அடியில் வலது பக்கம் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கியிருக்கிறது. அந்தப் பந்து. ஆஸ்பிரின் அதை உறைய விடவில்லை. துளை போட்டு எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிடுவாராம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் இங்கே கூட்டி வந்திருக்கத் தேவையிருந்திருக்காது என்றார்.

"கூட இருந்தவங்க யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார்.

கவனித்தோம். ஊரே கவனித்தது. கவனித்து அதேபோலச் செய்துகொண்டது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஆஸ்பிரின் நான்தான் வாங்கித் தந்தேன் என்பதை மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 2, திங்கள்

லீக் முடிந்தது. வெர்ன் எழுந்து வந்த அந்த ஆட்டத்திலிருந்து நேற்றைய ஞாயிறுவரை எல்லாம் தோல்வி. மூன்றாம் இடம். கொட்டகையில் வெர்னின் இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்களாம். எஃப்ரைன் ஒவ்வொரு பந்துக்கும் முன் அந்தக் காலி இடத்தைப் பார்ப்பாராம்.

ஓட்டுச் சீட்டு எழுதினேன். முதல் பெயர் லீலண்ட் போக். மூன்று ஆட்டத்தைக் கொடுத்து ஒரு பையனின் காலைக் காப்பாற்றியவர். இரண்டாவது வெர்ன். ஜூனில் அந்தக் கழித்துப் போட்ட ஆட்களை வைத்து டீம் கட்டியது அவர்தான், அது அவருடைய வேலை, அதற்கு. ஆகஸ்டுக்கு யாருக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டேன்.

செப்டம்பர் 14, சனி

சோள அறுவடை நேரம், என் கடையில் ஆள் இல்லை. பக்கத்து மாவட்டத்துக்குப் போய் வாங்குகிறார்களாம், அதிக விலைக்கு. தேவாலயத்தில் எனக்கு முன்னால் பெஞ்சு காலி, பின்னால் பெஞ்சு காலி. இன்று ஒருவர் மட்டும் வந்தார், அவசரத்துக்கு ஒரு பெல்ட் வேண்டுமென்று. காசை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு மூணு இன்னிங்ஸ் பொறுத்திருக்கலாம் நீ" என்றார்.

பெல்ட்டின் விலையை அவருக்குக் குறைக்கவில்லை.

அக்டோபர் 19, சனி

வெர்ன் வந்துவிட்டார். கைத்தடியோடு. இரண்டு கன்னமும் மழித்து, தட்டு முழுக்கச் சாப்பிட்டு. எனக்கு நன்றி சொல்லவில்லை. முதல் இடத்திலிருந்தபோது இறக்கிவிட்டாய் என்று முணுமுணுத்தார், பிறகு ரொட்டியை எடுத்து எனக்கும் வெண்ணெய் தடவி வைத்தார். குளிர் தாண்டி அவருடைய மகளிடம் போகும்வரை மாடியில் இருக்கட்டும்.

விருது முடிவு வந்தது. வெர்ன்தான். ஆறில் நான்கு முதல் ஓட்டு. ரஸ் தன் சீட்டில் காரணமும் எழுதியிருந்தானாம்: அந்த ஆகஸ்டுக்காக.

நவம்பர் 10, ஞாயிறு

விருதென்பது மரப்பலகையில் ஒரு பித்தளைத் தகடு, வெர்னின் பெயர். போன வாரம் வந்தது, நான்தான் கூடத்தில் மாட்டினேன்.

அவருக்கு ஆகஸ்டில் ஒரு ஆட்டம்கூட ஞாபகம் இல்லை. ஜூலைப் பந்து ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் ஆஸ்பத்திரி. அதனால் ரஸ் தன் ரேடியோ வர்ணனைகளைப் பதிவு செய்த கேசட்டுகளை அனுப்பியிருந்தான். இன்று காலை முழுக்க வெர்ன் கூடத்தில் உட்கார்ந்து அவற்றைக் கேட்டார். நான் தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் தலையாட்டிக் கேட்டார். பிறகு முன்னால் சாய்ந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, திருப்பிப் போட்டு, மறுபடி கேட்டார்.

"இந்த இடத்துல ஓடச் சொன்னது யாரு?"

நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேர் அவுட். ஓடறவனுக்கு கால் மெதுவு. நான் சொல்லியிருக்கவே மாட்டேன்." கேசட்டைப் போட்டார். ரஸ்ஸின் குரல் ஏறியது, கூட்டம் கத்தாத அந்த அமைதி, பிறகு ரஸ் மட்டும் கத்தினான். வெர்ன் நிறுத்தினார். "எஃப்ரைனா?"

"இல்லை."

"பின்னே யாரு?"

தெரியாது என்றேன். அது உண்மை.

அடுத்த ஆட்டத்தைப் போட்டார். அதற்கடுத்ததை. அவர் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. பொறாமை மாதிரி. இல்லை, மரியாதை. ஐம்பது வருடம் இந்த ஆட்டத்திலேயே கிடந்தவர், தன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் எழுந்து, கைத்தடியை ஊன்றிப் போய், சுவரிலிருந்து அந்தப் பலகையைக் கழற்றினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். வாசல் கதவை ஒட்டியிருக்கிற நாற்காலியில், பெயர் தெரியாதபடி கவிழ்த்து வைத்தார்.

"ஆகஸ்டை நடத்தினவர் வந்தா எடுத்துக்கட்டும்" என்றார். சிரிக்கவில்லை.

தேவாலயத்துக்கு நேரமாகிவிட்டது. பலகையை எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டுப் போகலாம் என்று குனிந்தேன். எடுக்கவில்லை.

கதவைச் சாத்தினேன். பூட்டாமல் போனேன்.